குடலுக்குக் குடிவந்தவர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தக் கிழமை மிகச் சுத்தமாக வளர்ந்த உயிர்கள் எவையென்று யாராவது கேட்டிருந்தால், சுபோதினி வீட்டுப் பதினொரு கோழிக்குஞ்சுகளைத்தான் காட்டியிருக்க வேண்டும். அவை குடித்தது கொதித்தாறிய தண்ணீர். படுத்தது காலையும் மாலையும் மாற்றிய வெள்ளைக் கடுதாசி. தீன் தட்டு சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காய்ந்தது. பெட்டிக்குள் கை வைக்கமுன் சுபோதினி முழங்கை வரை சவர்க்காரம் போட்டாள். கையை எடுத்த பிறகு டெட்டோல். பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, காலையும் கழுவ வேண்டும்.

“உங்கட குஞ்சைப் பார்க்கிறதைவிட மூலஸ்தானத்துக்குள்ள போறது லேசு,” என்றார் இரண்டாம் மாடி நாகேந்திரம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். அந்தத் தொடர்மாடியின் கமிட்டித் தலைவர். நாய், பூனை வளர்க்கக்கூடாது என்ற சட்டத்தைத் தன் கையாலேயே எழுதி லிஃப்ற்றில் ஒட்டியவர். கோழியை எழுத மறந்துபோனதால், ஒவ்வொரு நாளும் மேல் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிற சாட்டில் ஐந்தாம் மாடியில் இறங்கிக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போவார்.

இவ்வளவு சுத்தமாக இருந்தும் நாலாம் நாள் ஒரு குஞ்சு செத்தது. ஐந்தாம் நாள் காலையில் இன்னொன்று. மிச்சமிருந்த ஒன்பதும் மின்குமிழுக்குக் கீழே செட்டையைத் தொங்கப்போட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. வாலுக்குக் கீழே வெள்ளைக் களி பிடித்துக் காய்ந்திருந்தது.

இவை சாதாரணக் குஞ்சுகளாக இருந்திருந்தால் சுபோதினி அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். இவை ஒஸ்வால்டின் கோழிகளின் குஞ்சுகள்.

அவளுடைய கணவர் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்வளவில் இருபது வருடமாக ஒரே சாதிக் கோழியை வளர்த்து வந்தார். கழுத்தில் ஒரு இறகும் இல்லாத, பார்க்கச் சற்று அவலட்சணமான சாதி. ‘மொட்டைக்கழுத்து’ என்பார்கள். அதன் அழகைப் பற்றி அவர் யாருடனும் சண்டைக்குப் போகத் தயாராக இருப்பார். ஒன்றரை வருடத்துக்கு முந்தி, அவர் காலில் பட்ட ஒரு சின்னக் காயத்தால் கிருமி இரத்தத்துக்குள் போய், ஒன்பதே நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. சுபோதினி கனடாவில் இருக்கும் அக்காவின் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கோழிகள் பக்கத்து வீட்டு மஜீட் நானாவின் வளவுக்குப் போயின.

போன மாதம் மஜீட் நானா போன் எடுத்தார். “தங்கச்சி, நாலு பேடும் ஒரு சாவலும்தான் மிச்சம். முட்டையும் கொறஞ்சி போச்சி. ஒண்டும் அடைக்குப் படுக்குதும் இல்ல, எல்லாம் கெழடாப் போச்சி. ஒஸ்வால்ட்ட சாதி இதோட முடியிது போல.”

சுபோதினி அன்றைக்கே மேசையில் வைக்கக்கூடிய ஒரு குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கினாள். மஜீட் நானா சேர்த்துக் கொடுத்த பதினெட்டு முட்டையை வைத்தாள். இருபத்தோராம் நாள் பதினொன்று கொத்திக்கொண்டு வெளியே வந்தன. பதினொன்றுக்கும் பிறக்கும்போதே கழுத்து மொட்டை. அன்றைக்கு அவள் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்ததாக நாகேந்திரம் பிற்பாடு எல்லோருக்கும் சொன்னார், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அண்டைக்குப் பார்த்த மாதிரி இல்லை இதுகள்,” என்றார் நாகேந்திரம் இப்போது, பெட்டிக்கு மேலே குனிந்து. “என்ன மருந்து குடுக்கிறீங்கள்?”

சுபோதினி அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் பேணியை எடுத்துக் காட்டினாள். வெளிநாட்டில் சொந்தம் இருக்கும் வெள்ளவத்தை வீடுகளில் அப்படி ஒரு பேணி இல்லாமல் இராது. வந்து போகிறவர்கள் மிச்சம் விட்டுப்போன குளிசைகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். அக்கா பாலேஸ்வரிக்கு ஸ்காபறோவில் இருந்துகொண்டே அந்தப் பேணியின் உள்ளடக்கம் மனப்பாடம். குஞ்சு பொரித்த மற்ற நாளே வீடியோவில் வந்து உத்தரவு போட்டுவிட்டாள்: “அந்த மஞ்சளும் சிவப்பும் கப்சூலை உடைச்சுத் தண்ணியில போடடி. அது நல்ல அன்ரிபயோட்டிக். போன முறை இவருக்குப் பல்லுக்குக் குடுத்தது, ஒரே நாளில கேட்டது.”

“ரெண்டாம் நாளில இருந்து குடுக்கிறன்,” என்றாள் சுபோதினி. “நேற்று ஒண்டு செத்த உடனை ரெண்டு கப்சூலாக்கினன்.”

நாகேந்திரம் பேணியைப் பார்த்தார். பிறகு குஞ்சுகளைப் பார்த்தார். “பாலேஸ்வரி அங்கை ஆஸ்பத்திரியிலையே வேலை செய்யிறா?”

“இல்லை அண்ணை. விமான நிலையத்தில, பொதி பார்க்கிற இடத்தில.”

“அப்ப நாங்கள் அடுத்த ஒழுங்கையில இருக்கிற மிருக வைத்தியரிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பார்ப்பம்.”

டொக்டர் அர்பாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கிளினிக்கில் அன்று காலை ஒரு சடை நாயும், கூண்டுக்குள் இரண்டு பாரசீகப் பூனைகளும், சப்பாத்துப் பெட்டியோடு சுபோதினியும் வரிசையில் இருந்தார்கள். முறை வந்ததும் அர்பா பெட்டி மூடியைத் திறந்து மூக்கைச் சுருக்கினாள்.

“என்ன அன்டி இது, ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி மணக்குது?”

“டெட்டோல்.”

அர்பா ஒரு குஞ்சைக் கவிழ்த்துப் பிடித்து வாலடியைப் பார்த்தாள். வயிற்றை அமத்திப் பார்த்தாள். தீனைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, சூட்டைப் பற்றி விசாரித்தாள். சுபோதினி கப்சூல் வரைக்கும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“வருத்தம் வந்த பொறகா குடுத்தீங்க?”

“வரமுன்னம். வரக்கூடாதெண்டு.”

அர்பா ஏசவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குஞ்சைத் திரும்ப வைத்தாள். “அன்டி, இதுகள் பொறந்து இன்டைக்கு வரைக்கும் ஒரு பெரிய கோழியக் கண்ணால கண்டிரிக்கா?”

“இல்லை. மெஷினில பொரிச்சது.”

“அதுதான் விசயம். பொரிக்கிற நேரம் குஞ்சுட குடல், புதுசாக் கட்டி ஆள் வராத மாடி வீடு மாதிரி. தாய்க்கோழியோட இரிந்தா, மொத நாளே அதுட எச்சத்தைக் கொத்தும். அதோட நல்ல கிருமிகள் உள்ளுக்குப் போய்க் குடியிருக்கும். தீன் செமிக்க உதவி செய்யும். கெட்ட கிருமி வந்தா, அறை எல்லாம் ஆள் இரிக்கி, போ எண்டு திருப்பி அனுப்பும். நீங்க ஒருத்தரையும் உள்ளுக்கு விடல்ல. தப்பித் தவறி வந்த ஒண்டு ரெண்டு பேரையும் கப்சூல் போட்டுக் கலைச்சிட்டீங்க. இப்ப வெறும் வீட்டுக்குள்ள ஆரு பூந்து இரிக்கிறாங்க எண்டு தெரியா.”

சுபோதினி சப்பாத்துப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். பக்கத்தில் பூனை கத்தியது.

“கிருமியில நல்லதும் இருக்குதோ?” என்று கடைசியில் கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது அர்பாவுக்கு விளங்கியது.

“கூடுதலானது நல்லதுதான் அன்டி. கெட்டது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் செய்யிற வேலைதான் எங்களுக்கு நெனவில நிக்கும்.”

ஒஸ்வால்டுக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் சுபோதினி எழுந்து போயிருப்பாள். இப்போது அவள் கேட்டது வேறு. “அப்ப இனி என்ன செய்யலாம்?”

“கப்சூல நிப்பாட்டுங்க. சூடு குறைய விடவேணாம். வாலடியை இளஞ்சூட்டுத் தண்ணியால கழுவி விடுங்க. தாய்க்கோழிகள் எங்க இரிக்கி?”

“கொட்டாஞ்சேனையில.”

“வருத்தம் ஏதும்?”

“கிழடு, அவ்வளவுதான்.”

“அப்ப அதுகள்ட எச்சம் கொண்டு வாங்க. எல்லா எச்சமும் சரிவராது.” அர்பா ஒரு கடுதாசியில் கோழிக் குடலைக் கீறி, முடிவில் இரண்டு வால் மாதிரிப் பைகளை வரைந்தாள். “இதுதான் குருட்டுக்குடல். கோழிக்கு ரெண்டு இரிக்கி. நல்ல கிருமிகள்ட பெரிய குடியிருப்பு இதுக்குள்ளதான். ஒரு நாளைக்கு ஒருக்கா ரெண்டுதரம் இதைக் காலி பண்ணும். மத்தது மாதிரி வெள்ளைத் தொப்பி போட்டு இரிக்காது. கபில நிறம், களி மாதிரி. மணம்...” அவள் பொருத்தமான சொல்லைத் தேடினாள். “மணத்தை வெச்சே கண்டுபிடிப்பீங்க. நிலத்தில கிடந்து காய்ஞ்சது வேணாம், சுடச் சுட எடுங்க. குஞ்சுக்குக் குடுக்க முன்னம் எனக்கிட்ட கொண்டு வாங்க. புழு முட்டை, வேற ஏதும் இரிக்கா எண்டு நுணுக்குக்காட்டியில பார்க்கணும். முழுசா நம்பச் சொல்ல மாட்டன். ஆனா எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்.”

புறக்கோட்டைக்கு பஸ், அங்கிருந்து ஓட்டோ. பதினொரு மணிக்கு சுபோதினி மஜீட் நானாவின் பின்வளவில் ஒரு முக்காலியில், கையில் ஒரு சோற்றுப் பெட்டியும் கரண்டியுமாக இருந்தாள். மஜீட் நானாவும் அவர் மனைவி மர்லியாவும் ஆளுக்கொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள். விசயத்தைக் கேட்டதும் மர்லியா தேத்தண்ணி ஊற்றப் போனாள். நேரம் எடுக்கிற வேலை என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“இருபது வருசம் ஒஸ்வால்ட் இந்தக் கோழிகளுக்குப் பின்னால பீ அள்ளினான்,” என்றார் மஜீட் நானா. “நீங்க ஒரு நாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தீங்களா தங்கச்சி? மூக்கைப் பொத்திட்டு ஜன்னலைச் சாத்துவீங்க. இப்ப பாருங்க, பெட்டியோட வந்து காத்துட்டு இரிக்கிறீங்க.”

“அவர் இருந்திருந்தா நான் ஏன் வாறன்.”

“அதுவும் சரிதான்.”

முதல் கோழி போட்டது. மூவரும் எழும்பிப் போய்க் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைத் தொப்பி. திரும்ப வந்து இருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் தொப்பி. மர்லியா தேத்தண்ணியோடு முறுக்கும் கொண்டுவந்தாள். மதில் அந்தப் பக்கத்தில் யாரோ வானொலி போட்டிருந்தார்கள்.

“எனக்கு வெள்ளையம்மாவிலதான் நம்பிக்கை,” என்றாள் மர்லியா.

வெள்ளையம்மா என்பது நாலு கோழியிலும் மூத்தது. அடுப்புக்கரி நிறம். பெயர் வைத்தது ஒஸ்வால்ட். காரணம் கேட்டவர்களுக்கு, மனசைப் பார்த்து வைத்தது என்பார். அது மூவரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு மாமரத்தடியில் மண்ணைக் கிளறியது. ஒரு புழுவை விழுங்கியது. செட்டையை உதறியது.

“இவவுக்கு நாங்க பாத்துட்டிருக்கிறது தெரியும்,” என்றார் மஜீட் நானா. “வெக்கப்படுறா. அங்கால பாருங்க எல்லாரும்.”

எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். அறுபது கடந்த மூன்று பேர், பட்டப்பகலில், ஒரு வெறும் மதிலை. முதலில் மர்லியாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினாள்; அது சுபோதினிக்குத் தொற்றியது. அடக்க அடக்க வந்தது. முறுக்கு புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, முக்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் காற்று திரும்பியது.

மூவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“யா அல்லாஹ்,” என்றார் மஜீட் நானா மெதுவாக. “டொக்டர் புள்ள சென்னது சரிதான்.”

கபில நிறம், களி மாதிரி, மினுங்கிக்கொண்டு கிடந்தது. சுபோதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண் படாமல் மேலாலே வழித்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அடுத்த அரை மணித்தியாலத்தில் இன்னொரு கோழியும் மனம் வைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, மேலே கைப்பையையும் வைத்துக்கொண்டாள். கொள்ளுப்பிட்டி தாண்ட முன்னமே பக்கத்து இருக்கையில் இருந்த பெண் எழும்பி முன்னுக்குப் போய்விட்டாள். கொண்டக்டர் வந்து நின்று, மூக்கால் ஒருமுறை இழுத்து, மரியாதையோடு கேட்டான்: “அக்கே, ஜாடித?”

உப்பில் ஊறவைத்த மீனா என்று சிங்களத்தில் கேட்கிறான். “ஓவ் மல்லி,” என்றாள் சுபோதினி, ஆமென்று. எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்காமல் போனானே என்பது அவளுக்கு ஆறுதல்.

அர்பா ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் பார்த்தாள். வேறு ஒரு துளியையும் பார்த்தாள். வெளியே சடை நாய்க்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“புழு முட்டை இல்ல. வேற பயப்பிடுற சாமானும் ஒண்டும் காணல்ல. எடுத்திட்டுப் போங்க அன்டி. கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, ஒவ்வொருத்தருக்கும் சொண்டு நனையிற அளவுக்குக் குடுங்க. மிச்சத்தைத் தீனில பிசைஞ்சு வைங்க.”

“தயிரும் குடுக்கட்டே? அக்கா சொன்னவ.”

“துளி குடுத்தாக் குத்தமில்ல. ஆனா தயிரில இரிக்கிறது வேற ஊர் ஆக்கள். வருவாங்க, ரெண்டு நாள் இரிப்பாங்க, போயிருவாங்க. ஒங்களுக்கு வேண்டியது சொந்தக்காரர்.”

வீட்டுக்கு வந்து பார்த்தபோது இன்னொரு குஞ்சு செத்துக் கிடந்தது. மிச்சம் எட்டு. சுபோதினி அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அழ நேரமில்லாமல், தேத்தண்ணிக் கோப்பையில் எச்சத்தைக் கரைக்கத் தொடங்கினாள். வாசல் மணி அடித்தது. நாகேந்திரம். பின்னேரக் குளிப்பு முடித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, தண்ணீர்த் தொட்டி பார்க்கப் புறப்பட்டவர்.

“என்ன இது, லிஃப்ற்றுக்குள்ளயே...” என்று தொடங்கினார்.

“அண்ணை, தனிய ஒரு கையால பிடிச்சு மற்றக் கையால குடுக்க ஏலாது. ஒருக்காப் பிடியுங்கோ.”

“நான் முட்டைகூடத் தொடாத ஆள், சுபோதினி.”

“திங்கச் சொல்லேல்லை. பிடிக்கத்தானே சொன்னனான்.”

நாகேந்திரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். ஒவ்வொரு குஞ்சாக, வரைபடத்தில் புள்ளி வைக்கிற நிதானத்தோடு இரண்டு விரலால் பிடித்தார். சுபோதினி சொண்டைக் கோப்பையில் தோய்த்தாள். குஞ்சு தலையை உயர்த்தி விழுங்கியது. ஐந்தாவது குஞ்சு தலையை உதறியதில் இரண்டு துளி அவருடைய திருநீற்றில் தெறித்தது.

“துடைக்க வேண்டாம்,” என்றார் கண்ணை மூடிக்கொண்டு. “எட்டும் முடியட்டும்.”

முடிந்த பிறகு அவர் இரண்டாம் முறை குளிக்கப் போனார். சுபோதினி மிச்சத்தைத் தீனில் பிசைந்து வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் சரிந்தாள். அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சாதி தப்பிப்பிழைக்க முட்டை மட்டும் போதும் என்று நினைத்திருந்தாள். போதாது. முட்டையோடு அந்தப் பின்வளவும் சேர்ந்து வரவேண்டியிருந்தது. இருபது வருடம் ஒஸ்வால்ட் கொத்திப் புரட்டி, தவிடும் மீன் தலையும் போட்டு வளர்த்த மண்ணைக் கோழிகள் கொத்தி, குடலில் வைத்திருந்து, ஒன்று மற்றதுக்கென்று கொடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் இப்போது வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறது.

அவள் அன்று கடுதாசியை மாற்றவில்லை.

அடுத்த நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்றும் சாகவும் இல்லை. காலையில் எட்டு, மத்தியானம் எட்டு, பின்னேரம் எட்டு. நாகேந்திரம் தண்ணீர்த் தொட்டியை அன்றைக்கு நாலுதரம் பார்த்தார். கனடாவில் இருந்து அக்கா வீடியோவில் வந்து, “என்னத்தைக் குடுத்தனி?” என்று கேட்க, சுபோதினி சொன்னாள். திரையில் அக்காவின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று சுபோதினி போனைத் தட்டிப் பார்த்தாள். இணைப்பு நல்லாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்து, கடற்கரைப் பக்கத்தில் முதல் ரயில் போன பிறகு, அறைக்குள் டமார் என்று ஒரு சத்தம். சுபோதினி ஓடிப்போய்ப் பார்த்தாள். தீன் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேலே ஏறி நின்று இரண்டு குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. மற்ற ஆறும் கொட்டுண்ட தீனைக் காலால் கிளறிக் கிளறிக் கொத்தின. எட்டுக் கழுத்தும் சிவந்து, நீண்டு, நல்ல அவலட்சணமாக இருந்தன.

அவள் குனிந்து கடுதாசியைப் பார்த்தாள். கரும்பச்சைச் சுருள்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைத் தொப்பி. ஒரு மூலையில், சின்னதாக, கபில நிறத்தில் வேறொன்று. சுபோதினி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். உடனே தூரத்துக்கு எடுத்தாள். போனைத் தேடி அர்பாவின் இலக்கத்தை அழுத்தினாள்.

“டொக்டர், மணக்குது.”

“எப்பிடி மணக்குது?” அர்பாவின் குரலில் நித்திரை கலையவில்லை.

“தாங்கேலாமல் இருக்குது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் அர்பா.

ஏழு மணிக்கு நாகேந்திரம் வந்தார். சுபோதினி அவரை வாசலிலேயே மறித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர் பெட்டியைப் பார்த்தார், விரலால் எண்ணினார், திரும்பவும் எண்ணினார். ஒரு குஞ்சு அவருடைய மோதிரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எட்டில எத்தினை சேவல்?”

“இப்ப சொல்லேலாதாம் அண்ணை. கொஞ்சக் கிழமை போகட்டாம்.”

“சேவலெண்டா விடிய நாலு மணிக்குக் கூவும்.”

“கூவத்தான் செய்யும்.”

“மூண்டாம் மாடியில கைக்குழந்தை இருக்குது. நாலாம் மாடி மனுசிக்கு ஏற்கெனவே நித்திரை இல்லை. அப்ப நான் கமிட்டிக்கு என்ன சொல்லுறது?”

“நீங்கள்தானே அண்ணை கமிட்டி.”

நாகேந்திரம் மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“அப்பிடியெண்டா ஒரு கூட்டம் வைக்கத்தான் வேணும்,” என்று சொல்லி, வேட்டியை மடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். “தேத்தண்ணி போடுங்கோ. இப்பவே துவங்குவம்.”